பெர்சிவல்: நெஞ்சு நிறையப் பதக்கம், பெயரில் ஒரு சரணாகதி

பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் எல்லோரும் பார்த்த படம்தான். ஒருவர் தோளில் வெள்ளைக்கொடி, இன்னொருவர் தோளில் பிரிட்டிஷ் கொடி. நான்கு பிரிட்டிஷ் அதிகாரிகள் ஜப்பானியர் சூழ புக்கிட் தீமா ஃபோர்ட் தொழிற்சாலையை நோக்கி நடந்து போகிறார்கள். அவர்களில் ஓரமாக, இரும்புத் தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக, நெட்டையாக, ஒடிசலாக நடப்பவர்தான் லெப்டினன்ட் ஜெனரல் ஆர்தர் எர்னஸ்ட் பெர்சிவல். 1942 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டின் முதல் நாள்.

அந்த ஒரு படத்தை வைத்தே அவரைக் கோழை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தோட்டப்புறங்களில் ஜப்பான்காரன் காலத்துக் கதை சொன்ன பெரியவர்கள்கூட, வெள்ளைக்காரன் ஓடிப்போனான் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்த மனிதர் வாங்கிய பதக்கங்களை எடுத்து வரிசையாக வைத்தால் கணக்கு இடிக்கிறது. போர்க்களத்தில் குண்டடிபட்டு வாங்கிய மிலிட்டரி கிராஸ். டி.எஸ்.ஓ. எனப்படும் சிறப்புச் சேவை விருது ஒரு முறையல்ல, இரண்டு முறை. பிரெஞ்சு அரசின் குருவா த கேர். ஓ.பி.இ., சி.பி. விருதுகள். கோழைக்கு இவ்வளவு கிடைக்காது. பிறகு என்னதான் நடந்தது?

பெர்சிவல் பரம்பரைச் சிப்பாய் அல்ல. 1887 டிசம்பர் 26இல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் ஆஸ்பென்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா பெரிய நிலக்கிழார் ஒருவரின் எஸ்டேட்டை நிர்வகித்தவர். புகழ்பெற்ற ரக்பி பள்ளியில் படித்தும் படிப்பில் பெரிதாகச் சோபிக்கவில்லை. பள்ளி முடிந்ததும் லண்டனில் இரும்புத்தாது வியாபாரம் செய்த ஒரு நிறுவனத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். கணக்குப் புத்தகமும் டென்னிஸும் கிரிக்கெட்டுமாக அந்த வாழ்க்கை ஏழு ஆண்டுகள் ஓடியது.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் வெடித்தது. போர் தொடங்கிய முதல் நாளிலேயே போய்ச் சாதாரணச் சிப்பாயாகப் பெயர் கொடுத்தார். அப்போது வயது 26. அந்தக் காலக் கணக்கில் இராணுவத்துக்குப் புதிதாக வருகிறவருக்கு அது கொஞ்சம் முற்றிய வயதுதான். ஐந்து வாரப் பயிற்சியிலேயே இரண்டாம் லெப்டினன்ட் ஆக்கினார்கள். ஆண்டு முடிவதற்குள் பெட்ஃபர்ட்ஷயர் ரெஜிமென்டில் கேப்டன். 1915இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார்.

1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள். பிரிட்டிஷ் இராணுவம் அந்த ஒரே நாளில் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தது. பெர்சிவலின் படைப்பிரிவும் அன்று பதுங்குகுழியிலிருந்து ஏறிப் போனது. அவர் மீது ஒரு கீறலும் விழவில்லை. செப்டம்பரில் அந்த அதிர்ஷ்டம் நீடிக்கவில்லை. தீப்வால் கிராமத்துக்கு அப்பால் ஸ்வாபன் ரெடவுட் என்ற ஜெர்மன் அரணை நோக்கி ஆட்களை முன்னின்று நடத்திப் போனபோது படுகாயமடைந்தார். மிலிட்டரி கிராஸ் கிடைத்தது அதற்குத்தான்.

இந்தப் பதக்கங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போருக்குப் போன எல்லோருக்கும் கொடுக்கப்படும் பதக்கங்கள் வேறு. அங்கே இருந்தார் என்பதற்குத்தான் அவை சாட்சி. மிலிட்டரி கிராஸ் அப்படிப்பட்டதல்ல. 1914 கடைசியில் ஏற்படுத்தப்பட்ட அந்த வெள்ளிச் சிலுவை, கேப்டனும் அதற்குக் கீழும் உள்ள அதிகாரிகள் எதிரியின் முன் காட்டிய துணிச்சலுக்குக் கொடுக்கப்பட்டது. வெள்ளை நாடாவின் நடுவில் ஊதாப் பட்டை. அதற்கு மேல் டி.எஸ்.ஓ. அதை இரண்டாவது முறை வாங்கினால் இன்னொரு பதக்கம் தரமாட்டார்கள். முதல் பதக்கத்தின் நாடாவில் ஒரு சின்னப் பட்டையைச் சேர்ப்பார்கள். அந்தப் பட்டையும் பெர்சிவலிடம் இருந்தது.

1918 வசந்தத்தில் ஜெர்மானியர் கடைசி மூச்சாகப் பெருந்தாக்குதல் தொடுத்தார்கள். அப்போது பெர்சிவல் ஒரு பட்டாளத்துக்கே தளபதி. பிரெஞ்சு பீரங்கிப் பிரிவு ஒன்று எதிரியிடம் சிக்கும் தறுவாயில், எதிர்த்தாக்குதல் நடத்தி அதைக் காப்பாற்றினார். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பதக்கத்தைக் குத்தினார்கள். அதே ஆண்டு டி.எஸ்.ஓ.வும் வந்தது. நான்கு ஆண்டுக்கு முன் குமாஸ்தா. இப்போது தற்காலிக லெப்டினன்ட் கர்னல். கொஞ்ச நாள் ஒரு பிரிகேடையே நடத்தினார்.

போர் முடிந்ததும் ஊருக்குப் போய் மறுபடி கணக்கு எழுதியிருக்கலாம். அவர் போகவில்லை. 1919இல் ரஷ்யாவின் வடகோடியில் போல்ஷெவிக்குகளுக்கு எதிராக அனுப்பப்பட்ட படையில் சேர்ந்து ஆர்காங்கெல் போனார். ஆகஸ்டில் டிவினா நதிக்கரையில் கொரோடோக் என்ற இடத்தில் நடந்த தாக்குதலில் 400 பேர் கைதிகளாகப் பிடிபட்டார்கள். டி.எஸ்.ஓ.வின் பட்டை கிடைத்தது அங்கேதான்.

அடுத்த விருதைப் பற்றி அவ்வளவு எளிதாக எழுதிவிட முடியாது. 1920இல் எசெக்ஸ் ரெஜிமென்டோடு அயர்லாந்தின் கார்க் பகுதிக்குப் போனார். சுதந்திரம் கேட்டுப் போராடிய ஐரிஷ்காரர்களை ஒடுக்கும் வேலை. வீடு வீடாகச் சோதனை, வேவு, கைது. ஜூலையில் டாம் ஹேல்ஸ், பேட்ரிக் ஹார்ட் என்ற இரண்டு போராளித் தலைவர்களைப் பிடித்தார்கள். அதற்காகப் பெர்சிவலுக்கு ஓ.பி.இ. விருது. ஆனால் பிடிபட்டபின் தங்களைச் சித்திரவதை செய்தார்கள் என்று ஹேல்ஸ் குற்றம் சாட்டினார். ஹார்ட் மனநிலை பாதிக்கப்பட்டு 1925இல் இறந்தார். பெர்சிவலின் தலைக்கு ஐரிஷ் போராளிகள் விலை வைத்தார்கள். லண்டன் வரை ஆள் அனுப்பிக் கொல்லப் பார்த்தார்கள். நம் ஊரில் அவர் பெயர் தோற்றவர் என்று நிலைத்ததைப் போல, கார்க் மாவட்டத்தில் அவர் பெயர் கொடுமைக்காரர் என்று நிலைத்துவிட்டது. சோம் களத்து மிலிட்டரி கிராஸையும் கார்க்கில் வாங்கிய ஓ.பி.இ.யையும் ஒரே மரியாதையோடு பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு வந்த ஆண்டுகள் படிப்பும் அலுவலகமுமாகப் போயின. கேம்பர்லி இராணுவக் கல்லூரி, மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா ரெஜிமென்ட், மால்டாவில் செஷயர் ரெஜிமென்ட். 1927இல் திருமணம். கேம்பர்லியில் ஆசிரியராக இருந்தபோது ஜெனரல் ஜான் டில்லின் நன்மதிப்பைப் பெற்றார். பின்னாளில் பிரிட்டிஷ் இராணுவத்தின் தலைமைக்கு வந்த டில்தான் இவரை மேலே ஏற்றிவிட்டவர்.

1936இல் மலாயாவுக்கு வந்தார். தளபதி டாபியின் கீழ் தலைமை அலுவல் அதிகாரி. அடுத்த ஆண்டு ஓர் ஆய்வு தயாரித்தார். தன்னை ஜப்பானியத் தளபதியாகவே வைத்துக்கொண்டு சிங்கப்பூரை எப்படிப் பிடிப்பது என்று யோசித்து எழுதியது அது. எல்லோரும் கடலைப் பார்த்துப் பீரங்கி வைத்துக்கொண்டிருந்தபோது, ஆபத்து வடக்கிலிருந்து வரும் என்றார். சயாமின் சிங்கோரா, பட்டாணி, நம் கோத்தா பாரு ஆகிய இடங்களில் எதிரி இறங்கித் தரைவழியாகத் தெற்கே வருவான் என்றார். நான்கு ஆண்டு கழித்து ஜப்பானியர் இறங்கியது சரியாக அந்த மூன்று இடங்களில்தான். ஜொகூரின் தெற்கே அரண்கள் வேண்டும் என்றும் அப்போதே பேச்சு எழுந்தது. சில இடங்களில் வேலை தொடங்கி, பாதியில் நின்றது.

1941 மே மாதம் மலாயாவின் தலைமைத் தளபதியாகத் திரும்பி வந்தார். அந்த ஆண்டே சி.பி. என்ற உயர் விருதும் கிடைத்தது. அவர் வந்திறங்கிய அதே மே மாதத்தில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கொடு, கள்ளுக்கடையை மூடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்பதை நிறுத்து என்பவை கோரிக்கைகள். ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். இந்தியச் சிப்பாய்களை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐவர் உயிரிழந்தார்கள். ஜப்பான் வாசலில் நின்றபோது மலாயா இராணுவத்துக்கு இந்த வேலையும் இருந்தது என்பதைப் போர்ப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை.

பெர்சிவல் லண்டனிடம் கேட்டது 48 காலாட்படைப் பட்டாளங்கள், இரண்டு டாங்கிப் படைகள். டாங்கி ஒன்றுகூட வரவில்லை. விமானங்கள் தேவையில் பாதிதான், அவையும் பழையவை. ரஷ்யாவுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் போனது போக மிச்சம்தான் மலாயாவுக்கு என்று சர்ச்சில் அரசாங்கம் முடிவெடுத்திருந்தது. படையில் பாதிப்பேர் இந்திய இராணுவத்தினர். அவர்களில் பலர் பயிற்சி முடியாத இளைஞர்கள். டாங்கியைக் கண்ணால் பார்த்திராதவர்கள்.

டிசம்பர் 8 நள்ளிரவு கடந்து கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கினார்கள். இரண்டு நாளில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரு பெரும் போர்க்கப்பல்கள் குவாந்தான் அருகே மூழ்கின. ஜித்ராவில் ஒரு டிவிஷன் சிதறியது. பினாங்கிலிருந்து வெள்ளைக்காரர்களை மட்டும் இரவோடிரவாக ஏற்றிப் போனார்கள், மற்றவர்கள் கைவிடப்பட்டார்கள். வெள்ளைக்காரன் ஓடிப்போனான் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். கம்பாரில் நான்கு நாள் நன்றாகவே தாக்குப்பிடித்தார்கள். ஆனால் ஜனவரி 7ஆம் தேதி சிலிம் ரிவரில் முப்பது டாங்கிகள் போல நெடுஞ்சாலையிலேயே இறங்கி ஓடி, இரண்டு பிரிகேடுகளை அழித்துவிட்டன. 11ஆம் தேதி கோலாலம்பூர். வெள்ளைக்காரத் துரைமார் ரப்பர் ஏற்றப் போட்ட நல்ல தார்ச்சாலைகளில் ஜப்பானியர் சைக்கிள் மிதித்து வந்தார்கள்.

ஆயுதமில்லை என்பதை மட்டும் சொல்லி பெர்சிவலை விட்டுவிட முடியாது. அவருடைய தலைமைப் பொறியாளர் பிரிகேடியர் சிம்சன் டிசம்பர் கடைசியில் ஓர் இரவு அவரைப் பார்க்கப் போனார். சிங்கப்பூரின் வடகரையில் முள்கம்பி, கண்ணிவெடி, டாங்கித் தடைகள் போடுவோம், பொருளும் இருக்கிறது, ஆளும் கிடைக்கும் என்று நெடுநேரம் மன்றாடினார். அரண் கட்டுவது சிப்பாய்களின், மக்களின் மனவுறுதியைக் குலைக்கும் என்று பெர்சிவல் மறுத்துவிட்டார். 1937இல் வடக்கிலிருந்துதான் வருவான் என்று எழுதிய அதே கைதான் மறுத்தது. அவர் வாழ்க்கையில் எனக்குப் புரியாத இடம் இதுதான்.

கீழிருந்த தளபதிகளையும் அவரால் கட்டி மேய்க்க முடியவில்லை. இந்தியப் படைக்குத் தலைமை தாங்கிய ஹீத் அனுபவத்தில் இவருக்கு மூத்தவர். சர் பட்டமும் வாங்கியவர். ஆஸ்திரேலியத் தளபதி கார்டன் பென்னட் யாரோடும் ஒத்துப்போகாதவர். அதட்டி வேலை வாங்கத் தெரியாத, மெல்லப் பேசும் ஆசிரியர் போன்றவர் பெர்சிவல். ஒரு பட்டாளத்தை முன்னின்று நடத்தும் துணிச்சல் வேறு, ஒரு இலட்சம் பேரை நடத்தும் திறமை வேறு. முதலாவதற்குத்தான் அவரிடம் பதக்கங்கள் இருந்தன.

ஜனவரி 31இல் ஜொகூர் பாலம் உடைக்கப்பட்டது. எதிரி வடகிழக்கில் வருவான் என்று பெர்சிவல் கணித்தார். பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் வடமேற்கில் கடந்தார்கள். ஒரு வாரத்தில் உணவுக் கிடங்குகள் போயின. அகதிகளும் சேர்ந்து சுமார் பத்து இலட்சம் பேர் நகருக்குள் நெருங்கியிருந்தார்கள். குண்டு விழுந்து குழாய்கள் உடைந்து, தண்ணீர் இன்னும் ஒரு நாளுக்குத்தான் என்ற நிலை. கடைசி ஆள் வரை போராடு, நகரம் அழிந்தாலும் பரவாயில்லை என்பது சர்ச்சிலின் கட்டளை. 15ஆம் தேதி காலை ஃபோர்ட் கேனிங் பாதாள அறையில் கூடினார்கள். முடிவெடுக்கும் அதிகாரத்தை மேலதிகாரி வேவல் அன்றுதான் பெர்சிவலிடம் விட்டார். அவர் சரணடைய முடிவு செய்தார்.

ஃபோர்ட் தொழிற்சாலையில் யமாஷிதா மேசையைத் தட்டி ஆமா இல்லையா என்று கேட்டதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. அவரிடம் சுமார் 36 ஆயிரம் பேர்தான் இருந்தார்கள், குண்டும் தீர்ந்துகொண்டிருந்தது என்பது பெர்சிவலுக்குத் தெரியாது. இரவு 8.30 மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. தீவில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதிகளானார்கள். இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க்கில் இந்தியச் சிப்பாய்களைத் தனியே நிறுத்தி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய இராணுவம் கருக்கொண்ட திடல் அது. தோட்டங்களிலிருந்து நம்மவர்களை ஆயிரமாயிரமாக ரயிலேற்றிச் சயாமுக்கு அனுப்பியது அடுத்த ஆண்டு.

பெர்சிவல் சில மாதம் சாங்கியில் இருந்தார். பெரும்பாலும் யாரோடும் பேசாமல் வளாகத்தைச் சுற்றி நடந்தார். பிறகு ஃபார்மோசா, அங்கிருந்து மஞ்சூரியா. மூன்றரை ஆண்டுச் சிறை. அங்கே அவரோடு இருந்தவர் பிலிப்பீன்ஸில் சரணடைந்த அமெரிக்க ஜெனரல் வெயின்ரைட். 1945 செப்டம்பர் 2ஆம் தேதி டோக்கியோ விரிகுடாவில் மிசூரி கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது, மெக்கார்தர் இவர்கள் இருவரையும்தான் தமக்குப் பின்னால் நிற்கவைத்தார். கையெழுத்துப் போட்ட பேனாக்களில் ஒன்றை வெயின்ரைட்டுக்கும் இன்னொன்றைப் பெர்சிவலுக்கும் கொடுத்தார். மறுநாள் பிலிப்பீன்ஸில் பாகியோ நகரில் யமாஷிதா சரணடைந்தார். பெர்சிவல் அங்கேயும் இருந்தார். கைதிகளை நடத்திய விதத்தை மறக்காத அவர், யமாஷிதாவிடம் கைகுலுக்க மறுத்துவிட்டார். புக்கிட் தீமாவுக்கு அவர்கள் சுமந்துபோன பிரிட்டிஷ் கொடியைச் சிறைமுகாமில் ஒளித்து வைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் செப்டம்பர் 12ஆம் தேதி ஏறியது அதே கொடி.

ஊர் திரும்பிய வெயின்ரைட்டுக்கு அமெரிக்கா மெடல் ஆஃப் ஹானர் கொடுத்தது. நான்கு நட்சத்திர ஜெனரலாக உயர்த்தியது. பெர்சிவலுக்கு ஒன்றும் இல்லை. லெப்டினன்ட் ஜெனரல் என்று போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். 1946இல் ஓய்வு பெற்றபோது ஓய்வூதியம் அதற்குக் கீழ்ப்பதவியான மேஜர் ஜெனரலுக்கு உரியதுதான். அந்த நிலையில் உள்ளவர்களுக்கு வழக்கமாக வரும் சர் பட்டம் கடைசிவரை வரவில்லை. ஒரே மாதிரித் தோல்வி, ஒரே சிறை. ஒரு நாடு பதக்கம் கொடுத்தது, மற்றொன்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. மலாயாவுக்கு டாங்கி அனுப்பாதவர்களின் பெயரைச் சொல்வதைவிட, சரணடைந்தவரின் பெயரைச் சொல்வது லண்டனுக்கு வசதியாக இருந்தது.

1949இல் மலாயாப் போர் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். குற்றம் சாட்டும் வேகமில்லாத, வறண்ட புத்தகம். அவர் மனம் முழுக்க வேறொன்றில் இருந்தது. தூரக்கிழக்குப் போர்க்கைதிகள் சங்கத்தின் ஆயுள் தலைவராகி, சிறைப்பட்ட தம் ஆட்களுக்கு இழப்பீடு கேட்டு ஓயாமல் நடந்தார். முடக்கப்பட்ட ஜப்பானியச் சொத்திலிருந்து ஒரு சிறு தொகையைப் பெற்றும் கொடுத்தார். குவாய் நதிப் பாலம் பற்றிய படம் 1957இல் வந்தபோது, கைதிகளை அவமதிக்கிறது என்று எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். கதை கற்பனையே என்ற அறிவிப்பைத் திரையில் போடவைத்தார்.

அவர் பாடுபட்டது தம் சிப்பாய்களுக்காக. அதில் தவறில்லை. ஆனால் அதே தண்டவாளத்தில் செத்த தோட்டத் தமிழர்கள் போர்க்கைதிகள் அல்ல, தொழிலாளர்கள். 1951 சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தில் கைதிகளின் இழப்பீட்டுக்கென்று வைத்த விதியில் அவர்களுக்கு இடமில்லை. அந்தப் படத்திலும் பாலம் கட்டுகிறவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள்தான். நம்மவர்களுக்காகக் கேட்க அன்று ஒரு ஜெனரல் இல்லை.

1966 ஜனவரி 31ஆம் தேதி, ஜொகூர் பாலத்தை உடைத்து 24 ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், லண்டன் மருத்துவமனை ஒன்றில் பெர்சிவல் காலமானார். வயது 78. ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் விட்ஃபர்ட் கிராமத்துத் தேவாலயத்தில் அவரைப் புதைத்தார்கள். லண்டனில் நடந்த நினைவுக் கூட்டத்தில் பேசியவர் லெனர்ட் வில்சன், போர்க்காலத்தில் சிங்கப்பூரின் ஆயராக இருந்து, ஜப்பானிய இராணுவக் காவலர்களிடம் அடிபட்டுப் பிழைத்தவர்.